பீச்சாங்கைப் பொட்டு

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து இடது கையால் நீட்டினான். வாங்கியவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர். அவர் டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். என்னைப் போன்ற கிழவனுக்குப் பழைய கதை ஞாபகம் வர ஒரு பஸ் டிக்கெட் போதும், என்ன செய்ய?

என் அண்ணன் இசக்கிமுத்துவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். கல்லெறிவது, கதவைத் திறப்பது, கொசு அடிப்பது எல்லாமே அந்தக் கைதான். பள்ளிக்கூடத்தில் அதில் எழுதி எழுதி அடி வாங்கினான். கடைசியில் படிப்பே வேண்டாமென்று வந்துவிட்டான். நான் வலது கைக்காரன், சமர்த்து. கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா ஆகிவிட்டேன். முதல் யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தின காலம் அது. அப்பா இல்லை. என் சம்பளத்தில் வீடு நடந்தது. அண்ணன் பிரம்பு வீசிக்கொண்டிருந்தான்.

பிரம்பு என்றதும் நெட்டைச் சிலம்பக் கம்பை நினைத்துவிடாதீர்கள். இது கை நீளப் பிரம்பு. வாளைப் போல ஒரு கையால் பிடித்து ஆட வேண்டும்; மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். நுனியில் துணி சுற்றி ஈரக் குங்குமத்தில் தோய்த்திருப்பார்கள். எதிராளியின் நெற்றியில் முதலில் பொட்டு வைத்தவன் ஜெயித்தான். தோற்றவன் அந்தப் பொட்டை அழிக்காமல் வீடு வரைக்கும் போக வேண்டும். அதுதான் சபை மரியாதை.

அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இடது கைக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்குத் தெரியும்? ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, கண்டதையெல்லாம் இடம் வலம் மாற்றி, சாயங்காலம் ஆற்று மணலில் என் மேல் சோதித்துப் பார்ப்பான். கோர்ட்டிலிருந்து நேரே போவேன். விரலில் மை, காலில் ஈர மணல். இப்போதும் மைக்கூட்டைத் திறந்தால் எனக்குத் தாமிரபரணி வாசம்தான் வருகிறது. எல்லாரும் தடுத்துப் பழகியது இடது பக்கத்தை. அவன் பிரம்போ ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வலது பக்கமாக வரும். நானும் எத்தனையோ வித்தை செய்து பார்த்தேன். அவன் நெற்றியை ஒரு நாளும் தொட முடிந்ததில்லை. தினமும் நெற்றியில் பொட்டோடு வீட்டுக்குப் போகிற குமாஸ்தாவைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

சித்திரையில் தண்ணீர் ஒதுங்கியதும் மணலில் பந்தல் போட்டுப் பந்தயம் நடக்கும். நடத்துகிறவர் அரிசி மண்டி அண்ணாச்சி. நல்ல மனுஷர். ஜெயித்தவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அரண்மனைப் பந்தயத்தில் ஆட விடுவார். அண்ணனுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது.

முதல் தடவை ஆடிய அன்று மிராசுதார் மருமகன் எதிரே நின்றான். அண்ணன் அதிகம் ஆடவேயில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தான். பொட்டு நடு நெற்றியில் இருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு கிழவி, "பீச்சாங்கையால பொட்டு வைக்கானே, வெளங்குமா?" என்றாள். மிராசுதார் எழுந்து நின்றுவிட்டார். அண்ணாச்சி அண்ணனைப் பக்கத்தில் அழைத்துத் தோளில் கை போட்டார்.

"ஏலே இசக்கி, நீ கெட்டிக்காரன்தான். ஆனா இந்தக் கையால வச்ச பொட்டச் சபையில ஒத்துக்கிட மாட்டாவ. சோத்தாங்கையில பழகிட்டு அடுத்த வருசம் வா. நானே கூட்டிட்டுப் போறேன்."

இதில் யாரைக் கோபிப்பது? அவர் சொன்னது எங்கள் வீட்டுக்கும் நியாயமாகத்தான் பட்டது. நல்ல காரியத்துக்கு இடது கை ஆகாதென்று அம்மாவுக்குத் தெரியாதா? அவள் பழைய சேலையில் கரையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அண்ணனே இடது கையை மடக்கிக் காட்டினான். முதுகோடு சேர்த்துக் கட்டினாள். வருஷம் பூராவும் குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்ப்பாள். தோளில் வலி எடுத்தால் நல்லெண்ணெய் தடவி, "பைய சரியாயிரும்யா" என்று மறுபடி கட்டுவாள்.

வலது கை பழகிற்று. பழகி, எல்லாரையும் போல ஆயிற்று. ஒரு சாயங்காலம் என் பிரம்பு தானாகப் போனது போல அவன் நெற்றியைத் தொட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. "நல்லாத்தாம்லே வச்சிருக்க" என்று சொல்லிவிட்டு, பொட்டை அழிக்காமலே கூட நடந்து வந்தான்.

அடுத்த சித்திரையில் அண்ணாச்சி மலையாளத்துப் பெரியவர் ஒருவரோடு வந்தார். அரண்மனைப் பந்தயத்துக்கு ஆள் பொறுக்குகிறவராம். எங்கேயோ கேள்விப்பட்டு, அந்த இடது கைப் பையனைப் பார்க்கவே வந்திருக்கிறார். அங்கே அப்படி ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாக, "ஏலே, போன வருசம் ஆடுன கையிலயே ஆடு. நான் சபையில சொல்லிக்கிடுதேன்" என்றார். நான்தான் கட்டை அவிழ்த்துவிட்டேன். அண்ணன் பிரம்பை இடது கைக்கு மாற்றினான். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இன்னொரு தரம் உயர்த்திப் பார்த்தான். பிரம்பு மணலில் விழுந்தது. எதிரே நின்ற பையன் என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாச்சியைப் பார்த்தான். அப்புறம் பைய வந்து, வலிக்காமல் பொட்டு வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் பந்தயம் இப்போது இல்லை. அண்ணாச்சி இல்லை, அரண்மனை ஆட்டமும் இல்லையென்கிறார்கள். போகட்டும், உலகத்தில் எத்தனையோ போயிற்று. அந்த ஒரு கை போனதுதான் எனக்கு ஆறவில்லை.

பிரம்பு மணலில் விழுந்த அன்று மத்தியானம் இலை போட்டு அம்மா எங்களுக்குச் சோறு வைத்தாள். அண்ணன் வலது கையால் ஒரு பருக்கை சிந்தாமல் பிசைந்து சாப்பிட்டான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் இடது கையை மடியிலிருந்து எடுத்து, சோற்றின் மேல் கொண்டுபோய் வைத்தாள். எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது.

"இதால சாப்பிடுய்யா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

அவன் அவள் சொன்னதற்காக விரலை மடக்கப் பார்த்தான். சோறு இடுக்கு வழியாக இலையில் விழுந்தது. அவள் அள்ளி அள்ளி அந்தக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.