அக்டோபர் பெட்டி தாமதமான நாள்

அமெரிக்காவில் பெரிய ஏரியின் கரையில் இருக்கும் ஈரி நகரத்தில் பனி எப்போது கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏரிக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது கொட்டும். ஆனால் சேர்த்து வைப்பதற்கென்றே ஆட்டக்காரர் படம் போட்டு விற்கிற புது பேஸ்பால் கார்டு எப்போது வரும் என்று கார்டு கடை ரோவீனா ஸ்ட்ராக்கைக் கேட்டால் கிழமையோடு சொல்லிவிடுவாள்.

பிப்ரவரியில் முதல் வரிசை. பீச் தெருவின் ஓரத்தில் பனி இடுப்பளவு குவிந்து கிடக்கும். கார்டில் இருக்கிற ஆட்டக்காரர்களோ ஃபுளோரிடா வெயிலில் அப்போதுதான் கைகாலை உதறிக்கொண்டிருப்பார்கள். மே மாதத்தில், பெரிய மைதானத்தை இன்னும் மிதிக்காத பொடியன்களின் கார்டுகள். ஜூனில் இரண்டாம் வரிசை. அக்டோபரில் வருஷத்தின் கடைசி வரிசை: ஆட்டப் பருவத்தின் நடுவில் அணி மாறியவர்கள் புதுச் சட்டையோடும், கோடையில் முதல்முதலாகக் களம் இறங்கியவர்கள் திருதிரு முழியோடும் அதில் இருப்பார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை வருவதெல்லாம் பளபளப்புச் சரக்கு. "அது சேர்க்கிறவனுக்கு இல்லை, காட்டிக்கிறவனுக்கு" என்பாள் ரோவீனா.

ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஒயர் கட்டியவள் அவள். அங்கே பெண்கள் பந்தாட்ட அணிக்கு விக்கெட் கீப்பர் மாதிரி, பந்து வீசுகிறவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவள். அந்த நாட்களின் சீதனமாக வலது கையில் இரண்டு விரல் கோணல். நாற்பத்தோராவது வயதில் ஆள்குறைப்பில் வேலை போனது. கணவன் டுவெய்ன் தெற்கே கரோலினாவில் வேலை பிடித்துக்கொண்டு, "நீயும் கிளம்பி வா" என்றான்.

"அங்க பனியே கிடையாதாமே. அப்புறம் நான் எதைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்?" என்று சிரித்தாள் இவள்.

சிரிப்பாகச் சொன்னதுதான். ஆனால் போகவில்லை. தாம்பத்தியம் தொலைபேசியிலேயே மெல்லத் தேய்ந்து முடிந்தது. சலவைக்கடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த செருப்புக்கடையைப் பிடித்து கார்டு கடை வைத்தாள். முதல் வருஷம் முழுக்க உள்ளே வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கடைக்காரர் இல்லையா?" என்று கேட்டார்கள். "அவர்தான் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கார்" என்பாள்.

காஸிமிர் நோவிட்டும் ஃபெலிக்ஸ் நோவிட்டும் அவளுக்கு வாடிக்கையானது அந்தச் சமயத்தில்தான். அண்ணன் காஸிமிர், காகித ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். புது வரிசை வரும் நாளில் கடை திறக்கிற பத்து மணிக்கே வாசலில் நிற்பார். தம்பி ஃபெலிக்ஸ் முன்பு நெடுந்தூர லாரி ஓட்டியவர்; இப்போது பள்ளிப் பேருந்து. பிள்ளைகளை இறக்கிவிட்டு நாலு மணிக்கு மேல்தான் வருவார். அண்ணன் கிளீவ்லாந்து அணியின் ரசிகர், தம்பி பிட்ஸ்பர்க் அணி. அண்ணன் தம்பி என்பதையே ரோவீனா குடும்பப் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தை ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ரோவீனா அறிந்தது இவ்வளவு: ஒரு ஜனவரியில் அவர்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். ஃபெலிக்ஸ் அப்போது நெப்ராஸ்காவில் லாரியில் இருந்தார். காஸிமிர் அவருக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்.

இரண்டு பேரும் சேர்த்தது ஒன்றுதான்: வருஷத்தின் முழு வரிசை. கார்டின் பின்னால் எண் போட்டிருக்கும்; ஒன்றாம் எண்ணில் தொடங்கி ஒன்றுகூட விடுபடக் கூடாது. பாக்கெட்டைப் பிரித்தால் வேண்டியது வராது, இருப்பதே மறுபடி மறுபடி வரும். காஸிமிரிடம் இரட்டையாகச் சேர்ந்தது ஃபெலிக்ஸிடம் இருக்காது. அங்கே மிஞ்சியது இங்கே குறையும். ஒருநாள் ரோவீனா, காஸிமிர் தனக்கு வேண்டிய எண்களை மேலே எழுதி, மிஞ்சிய கார்டுகளைப் போட்டு மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்த உறையை, மேலே இருந்த பெயரை மட்டும் கிழித்துவிட்டு, தம்பியிடம் நீட்டினாள்.

"யார் குடுத்தது?"

"ஒரு வாடிக்கைக்காரர். உங்ககிட்ட மிஞ்சினதைக் குடுங்க, அவருக்குக் குடுத்துடறேன்."

ஃபெலிக்ஸ் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மறுவாரம் தன் உறையைக் கொண்டுவந்தார். அப்படிப் பதினோரு வருஷம் உறைகள் போயின, வந்தன. இந்த ஊரிலேயே தன்னைப்போல ரகசியம் காப்பவள் கிடையாது என்று ரோவீனாவுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த அக்டோபரில் எல்லாம் கோணிக்கொண்டது. அச்சில் ஏதோ தாமதம் என்று புதன்கிழமை வர வேண்டிய பெட்டியை வெள்ளிக்குத் தள்ளினார்கள். வெள்ளியன்று ஏரி முந்திக்கொண்டது; பருவத்துக்கு முன்பே பனி கொட்டி நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. பத்து மணிக்கு வந்த காஸிமிர் கோட்டைக் கழற்றாமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போங்க காஸ். வந்ததும் போன் பண்றேன்."

"வீட்ல மட்டும் எனக்காக ஆர்கெஸ்ட்ராவா வாசிக்கிறாங்க? இங்கயே இருக்கேன்."

மதியம் அவருக்குப் பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். மூன்றரைக்குத்தான் பெட்டி வந்தது. அவசரமாகக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவுமணி அடித்தது. பனிக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள். தொப்பியில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார் ஃபெலிக்ஸ்.

கத்தரிக்கோல் ரோவீனாவின் கையிலேயே இருந்தது; அதையே இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். காஸிமிர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஃபெலிக்ஸ் கதவருகிலேயே நின்றார். வெளியே போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

"ரோவீனா, அவர்கிட்டச் சொல்லு. ரெண்டாம் வரிசையில ஐநூத்தி எழுபத்தேழு எனக்கு இன்னும் வரலைன்னு."

அவள் காஸிமிரைப் பார்த்தாள்.

"அவன்கிட்டச் சொல்லு. அது என்கிட்ட மூணு இருக்கு. மூணுலயும் அதே பிட்ஸ்பர்க்காரன். வீட்ல வைக்கவே கூசுது."

"கிளீவ்லாந்துக்காரங்களை நான் ஷூ பெட்டியில தலைகீழா வச்சிருக்கேன்னு சொல்லு."

"என்ன நடக்குது இங்க?" என்றாள் ரோவீனா. "உறை யாருதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

அண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு போடுறவன் இந்தத் தெருவுல வேற எவன் இருக்கான்? எங்கப்பன் போலந்துல படிச்சது. பெல்ட்டால அடிச்சு எங்களுக்கும் பழக்கிட்டான்."

"முதல் உறையிலயே தெரிஞ்சிடுச்சு. நீ பேரைக் கிழிச்ச லட்சணத்துல 'நோவி' வரைக்கும் அப்படியே இருந்துச்சு" என்றார் ஃபெலிக்ஸ்.

ரோவீனாவின் முகம் சிவந்தது. பதினோரு வருஷ ரகசியம்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ என்னை முட்டாளாக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? தெரிஞ்சும் ஒரு வார்த்தை பேசிக்கலையா? கல்லுங்களா நீங்க?"

சலவைக்கடை இயந்திரத்தின் உறுமல் சுவர் வழியாகக் கேட்டது. வாயை விட்டுவிட்டோமே என்று அவள் நொந்துகொண்டிருந்தபோது ஃபெலிக்ஸ் நேராக அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

காஸிமிர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "கேட்டா."

"என்ன கேட்டா?"

"ரோடு எப்படி இருக்குன்னு கேட்டா. நீ வர்ற வழியில அயோவா முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ்னு டிவியில சொல்லிட்டே இருந்தான். 'அவன்கிட்டச் சொல்லாதே, பறந்துக்கிட்டு வருவான், எங்கயாவது வண்டியை உருட்டிடுவான்'னா. சத்தியம் வாங்கிக்கிட்டா."

"இதை ஏன் எங்கிட்ட நீ சொல்லவே இல்லை?"

"சாவுக்குப் பிறகு நீ என் போனையே எடுக்கலையே. அப்புறம்... செத்தவ மேல பழியைப் போட்டுத் தப்பிச்சுக்கிற மாதிரி இருந்துச்சு."

ஃபெலிக்ஸ் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டியை வாங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போய்விட்டார். காஸிமிர் போகிறவரைத் தடுக்கவில்லை. அன்று அவரும் ஒரு பாக்கெட்கூடப் பிரிக்கவில்லை. தன் நாக்கை நொந்துகொண்டே ரோவீனா கடையைச் சாத்தினாள். பூட்டும்போது எதிர்ப்பக்கம் ஒரு கார் என்ஜினை அணைக்காமல் நிற்பது தெரிந்தது. உள்ளே ஃபெலிக்ஸ். பேருந்து நிறுத்தத்தை நோக்கித் தளர்ந்து நடந்துகொண்டிருந்த காஸிமிர் பக்கமாகக் கார் மெல்ல நகர்ந்தது. கண்ணாடி இறங்கியது. என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. காஸிமிர் ஏதோ தலையாட்டி மறுத்தார். கார் இன்னும் பத்தடி ஊர்ந்தது. பிறகு அவர் ஏறிக்கொண்டார்.

மறுநாள் அண்ணனுக்கும் தனக்குமாக இரண்டு பெட்டி கார்டு வாங்கிக்கொண்டு போனவர் ஃபெலிக்ஸ்தான்.

அதற்குப் பிறகு உறைகள் வரவில்லை. பிப்ரவரியில் முதல் வரிசை வந்தபோது இரண்டு பேரும் நாலு மணிக்குச் சேர்ந்தே வந்து, ஜன்னலோர மேசையில் கார்டுகளைப் பரப்பி, வந்த வாடிக்கைக்காரர்களுக்கு இடம் விடாமல் சண்டை போட்டார்கள். ரோவீனா சந்தோஷப்பட்டாள்; ஆனால் அந்தச் சந்தோஷத்தில் என்னவோ ஒன்று குறைந்தது. அவர்கள் நடுவில் இருந்த பதினோரு வருஷமும் அவர்கள் வீட்டு ஆள்போல இருந்தாள். இப்போது வெறும் கடைக்காரி. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் பொறாமை என்பார்கள். கொஞ்சம் பொறாமைதானோ என்னவோ.

மே மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் நனைந்த கோழிகளைப்போல வந்து நின்றார்கள். பிட்ஸ்பர்க்குக்குப் போய் ஆட்டம் பார்க்கலாம் என்று இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனார்களாம். மழை. ஒரு பந்துகூட வீசவில்லை.

"தேதி பார்த்தது இவன்" என்றார் காஸிமிர்.

"குடையை வீட்ல வச்சிட்டு வந்தது யாரு?"

"ரோவீனா, அடுத்த தேதியை நீயே பார்த்துச் சொல்லிடு. உனக்கும் சேர்த்து மூணு டிக்கெட் எடுக்கலாம்னு பேசிக்கிட்டோம்."

"யாரு எடுக்கிறது?" என்றார் ஃபெலிக்ஸ்.

"அதைக் கார்ல பேசிக்கலாம்டா."

சுவரில் இருந்த நாட்காட்டியை எடுத்துக் கோணல் விரலால் புரட்டினாள் ரோவீனா. ஜூனில் இரண்டாம் வரிசை வருகிற வாரத்தில் கடையைச் சாத்த முடியாது. அதற்கு முந்தைய சனிக்கிழமை சும்மாதான் இருந்தது.