ஒரு பிடி யூரியா

காலை ஏழு பத்து. நாவுலவுக்கு ஒரு மைல் இப்பால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்டது இரண்டு பாத்திகளை. இடப்பக்கத்துப் பாத்தியில் சோயாச் செடிகள் கரும்பச்சையாக, முழங்காலுக்கு மேல் நின்றன. வலப்பக்கத்தில் அதே நாளில் விதைத்த அதே சோயா வெளிறிய மஞ்சளில், ஒரு சாண் குட்டையாக நின்றது. நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும். கண்டதை அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

நிலம் என் அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், கணவருடையது. அவரும் நானும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். நான் அப்போது மாத்தளையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பஸ் விபத்து, மண்சரிவு, மிளகு விலை. எழுபதுகளின் தொடக்கம். இறக்குமதி குறைந்து, யூரியாவுக்குக் கூட்டுறவுக் கடையில் வரிசை நின்ற காலம்.

பாத்திகளைப் போட்டவர் ஒரு விஞ்ஞானி; செய்திக்குப் போன இடத்தில் எனக்குப் பழக்கமானவர், ஓர் அரசாங்க ஆய்வுகூடத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடமாக ஒரே வேலை: வேரில் குடியிருக்கும் பக்டீரியா. காற்றில் நைதரசன் நிறைய இருந்தாலும் செடியால் அதை எடுக்க முடியாது. இந்தப் பக்டீரியா வேரில் முடிச்சுக் கட்டி, உள்ளே இருந்துகொண்டு காற்றின் நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும். சோயாவுக்கு ஏற்ற வகை எங்கள் மண்ணில் போதாது என்று, அதை ஆய்வுகூடத்தில் வளர்த்து ஒரு கறுப்புப் பொடியில் கலந்து கொண்டுவருவார். பாதையோரம், நாலு பேர் பார்க்கிற நிலமாக ஒன்று வேண்டும் என்று என்னைக் கேட்டார். மச்சானிடம் பேசி வாங்கிக்கொடுத்தது நான்.

விதைத்த அன்று பொடியைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்து, மரநிழலில் வைத்து விதையில் பூசினார். பக்கத்து வயல்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"டொக்டர் ஐயா, வெதைக்குக் கஞ்சி மட்டுந்தானா, ஊசியும் போடுவீங்களா?" என்றார் ஒருவர்.

"காய்ச்சல் வந்தால் போடுவம்," என்றார் அவர், தலை நிமிராமல்.

அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்பார். ஒருமுறை வேறொரு தோட்டத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே இறைச்சிச் சிவப்பு. "உள்ளுக்குச் சிவப்பெண்டால் வேலை செய்யுது. வெள்ளையெண்டால் சும்மா குந்திக்கொண்டிருக்குது." எங்கே போனாலும் யாராவது ஒருவரின் உள்ளங்கையில் ஒரு முடிச்சைப் பிளந்து வைக்காமல் அவர் திரும்பியதில்லை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கிய அந்தக் காலையில் அதிகாரிகள் வந்தார்கள். நாவுல, கலேவெலப் பக்கத்து விவசாயிகள் நாற்பது பேரளவில் வந்தார்கள். பச்சைப் பாத்தி பொடி பூசியது, மஞ்சள் பாத்தி பூசாதது என்று விஞ்ஞானி விளக்கினார். "ரெண்டிலயும் ஒரு பிடி யூரியாவும் போடேல்லை," என்றார். கூட்டம் வாய்க்காலைத் தாண்டித் தாண்டிப் பார்த்தது.

ராத்தா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் அனுப்பியிருந்தார். எல்லோரும் பந்தலுக்குப் போன பிறகு விஞ்ஞானி தனியாகப் பச்சைப் பாத்திக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினார். ஒரு முடிச்சைப் பிளந்தார். இன்னொன்றைப் பிளந்தார். பிளந்ததைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். யாருக்கும் காட்டவில்லை. பிறகு கிணற்றடியில் மச்சானோடு ஐந்து நிமிடம் பேசினார். இதையும் எழுதி வைத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

விஞ்ஞானி ஜீப்பில் ஏறும்போது அவரிடம் கேட்டேன்: "ஒரு பிடி யூரியாவும் போடல்லன்னு அப்படியே எழுதலாமா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். "ஓம். நான் சொன்னதைத்தானே எழுதப்போறீர்."

எழுதினேன். ஆனால் 'விஞ்ஞானி கூறினார்' என்று எழுதவில்லை. நிலம் என் குடும்பத்தினுடையது, மனிதரை எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில், யூரியா போடப்படவில்லை என்று நானே சொல்வதாக எழுதினேன்.

அடுத்த போகத்தில் பொடிப் பொட்டலங்கள் லொறிகளில், வெயிலில், கிராமங்களுக்குப் போயின. பலர் யூரியா வரிசையில் நிற்கவே இல்லை. விதைத்த ஆறாம் வாரம் கலேவெலயிலிருந்து ஒருவர் மாத்தளையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு சோயாச் செடி. இலை மஞ்சள். வேரில் முடிச்சே இல்லை.

"இத எழுதினது நீங்கதானே?" என்று பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்தார். "பேப்பர்ல போட்டிருக்குன்னு நம்பி, இருந்த யூரியாவயும் தம்பிக்குக் குடுத்துட்டேன். அவன்ட வயல் பச்சையா நிக்குது. போய்ப் பாக்குறீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

மறுநாள் நாவுலவுக்குப் போனேன். மச்சான் என் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தொடங்கிவிட்டார். பொடிப் பொட்டலம் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்து வந்தது; சூட்டில் பக்டீரியா செத்திருக்க வேண்டும். முளைத்த பிறகு இரண்டு பாத்தியும் ஒரே மஞ்சள். நெல்லுக்கு வைத்திருந்த யூரியாவில் அரைச் சாக்கை எடுத்து, மூன்று அந்திகளில் பொடி பூசிய பாத்திக்கு மட்டும் வீசியிருக்கிறார்.

"ஊர் ஆக்கள் எல்லாம் வாறாங்க, மச்சான். எங்கட வாசலுக்கு வாற விருந்தாளிக்கு வெறும் சோத்த வைப்பாங்களா? டொக்டர்ட மொகத்துக்காகத்தான் செஞ்சேன். ஒங்கட மொகத்துக்காகவும்."

"டொக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும். முடிச்சு வெள்ளையா இருக்கு, செடி மட்டும் எப்படிப் பச்சை, என்ன போட்டீங்கன்னு கிணத்தடில கேட்டாரு. பொய் சொல்ல மனசு வரல்ல."

"அவருக்குச் சொன்ன நீங்க எனக்கு ஏன் சொல்லல்ல?"

மச்சான் நிலத்தைப் பார்த்தார். "பேப்பர்காரருக்குத் தெரிய வேணாம்னு அவர் கெஞ்சினாரு. அவர் வெளி ஆள், மனசு ஒடைஞ்சிருவாரு. நீங்க சொந்தம். தாங்கிக்குவீங்க."

ராத்தா கதவோரம் நின்றார். அவருக்கும் முதலிலிருந்தே தெரியும் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

விஞ்ஞானியை ஆய்வுகூடத்தில் கண்டேன். அவர் மறுக்கவில்லை. மற்ற இடங்களில் பொடி நன்றாக வேலை செய்தது என்று சிவப்பு முடிச்சுகள் கிடந்த கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். அது உண்மை. "அண்டைக்கு அதிகாரிகளுக்கு முன்னால ஒத்துக்கொண்டிருந்தால் முழு வேலையையும் மூடியிருப்பினம். ஒரு பாத்திக்காக."

"பாத்திய விடுங்க. ஜீப்படில நான் உங்களக் கேட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக மூடி வைத்தார்.

பத்திரிகை ஆசிரியருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். எந்த நிலம், என்ன போடப்பட்டது, போட்டவர் எனக்கு என்ன உறவு என்று நான்கு வரி. விஞ்ஞானிக்கு அது தெரியும் என்று ஐந்தாவது வரி ஒன்று இருந்தது. சட்டச் சிக்கல் வரும் என்று ஆசிரியர் அதை வெட்டிவிட்டார். மற்ற நான்கும் மூன்றாம் பக்கத்தில் வந்தன.

ஒவ்வொரு வருடமும் வரும் ராத்தா அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாத்தளைக்கு வரவில்லை.