காவடிக்காரன் வீட்டுத் தீட்டு

எங்கள் லாபு தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸருக்கு, பெண்கள் வயிற்று வலி என்று போனால் பூச்சி மருந்து கொடுக்கத்தான் தெரியும். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவர் ஆம்பளை. உண்மையான வலியை அவரிடம் எவள் சொல்வாள்?

பக்கத்து வீட்டுக்காரி என்னோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவள், என்னைவிட இளையவள். அவளுக்கு மாதவிலக்கு முடிந்த பிறகும் உதிரம் நிற்காமல் பட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைப்பாடு வேறு, நாற்றத்தோடு. டிரஸரோ அவள் புருஷனோடு சீட்டு விளையாடுகிறவர். அதனால் அவளும் வயிற்று வலி என்றே சொல்லி, பூச்சி மருந்தாகக் குடித்துத் தீர்த்தாள். பூச்சி என்று ஒன்று இருந்திருந்தால் அது தோட்டத்தை விட்டே ஓடியிருக்கும்.

"செரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போயேண்டி."

"வீட்டுக்காரருகிட்ட மோட்டர் சைக்கிள்ல கூட்டிட்டுப் போங்கன்னா, எதுக்குன்னு கேப்பாருலா அக்கா. என்னான்னு சொல்றது?"

என் சின்னம்மா இப்படித்தான் மறைத்து மறைத்துக் கடைசியில் பாயோடு கிடந்து செத்தாள். அந்த வாடை எனக்குத் தெரியும். இவளும் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. அவள் புருஷன் காவடி நேர்ந்திருந்தான். வாயில் அலகு குத்தப்போகிறான் என்பதை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் அம்மாவோ தீட்டு விஷயத்தில் பெரிய போலீஸ். முகத்தைப் பார்த்தே, "நீ இன்னிக்கு கோயிலுக்கு வராதே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? தண்ணிக் குழாயடியில் அவனைப் பிடித்தேன்.

"தம்பி, வீட்ல தீட்டு நிக்காம இருந்தா அலகு குத்தறப்ப ரத்தமாக் கொட்டும்னு சொல்றாங்களே, நெசமா?"

"யாரு வீட்ல?"

"எனக்கென்னப்பா தெரியும்? ஒம் பொஞ்சாதியக் கேளு."

மறுநாள் அவன் வேலைக்கே போகவில்லை. விடிந்ததும் அவளை மோட்டரில் ஏற்றிச் செரம்பானுக்குப் பறந்தான். பொண்டாட்டியைக் காப்பாற்றவா? அலகைக் காப்பாற்ற! எப்படியோ, போனால் சரி.

அங்கே பெண் டாக்டர். கிருமித் தொற்று என்று இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தாராம். "எனக்கு எதுக்கு?" என்று இவன் எகிற, "உங்களுக்கும் இருக்கும், உங்களாலதான் வந்திருக்கும்" என்றாராம். உடனே அவன் மாத்திரையை வாங்கிச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான் என்று அவள் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கர்ப்பப்பை வாயில் புற்று தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கைவிட வேண்டியதுதான் என்றார்களாம். ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தாள், மகராசி. அந்த வருஷம் காவடி எடுக்க வேண்டியவன், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி சுமந்துகொண்டு அலைந்தான்.

அவள் வீடு திரும்பிய மறுநாள் மாமியார்க்காரி என் வீட்டுக்குள் வந்தாள். மகனின் காவடியைக் கெடுத்ததற்குச் சண்டைக்கு வருகிறாள் என்று நானும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, அந்த டாக்டரு பொம்பளதானே?"

"ஆமா பெரியம்மா."

"எனக்கு நின்னு வருஷக்கணக்காச்சு. இப்ப மறுபடியும் படுதுடி. நானா எப்படி அவன்கிட்ட சொல்றது? ஒனக்குத்தான் வாயிருக்கே. எதையாவது சொல்லி அவனக் கெளப்பிவிடேன்."