தூக்குவாளி தொங்கிய கயிறு

காலையில் தெருமுனையில் தைலமரத்தை அறுத்து மிஷினில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை இலையும் தலைவலித் தைலமும் கலந்த அந்த வாசனை வாசற்படி வரை வந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தலாம் என்று பார்த்தேன். முழங்கால் கேட்கவில்லை. சரி, உட்கார்ந்தே நினைத்துத் தொலைப்போம் என்று விட்டுவிட்டேன்.

அஞ்சாங்கிளாஸ் படித்தவள் நான். எழுத வரும், பேசத்தான் வராது. ரேஷன் கடையில் என் முறை வந்தால் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் காலத்தில் கல்வராயன் மலையடிவாரத் தைலந்தோப்பில் கிளை அரைக்கும் வேலை கிடைத்தது. அந்தச் சத்தத்தில் யாராலும் பேச முடியாது. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

டிராக்டரின் பின்னால் மிஷின் மாட்டியிருக்கும். டிராக்டரிலிருந்து சுழலும் தண்டு ஒன்று வந்து அதை ஓட்டும். மிஷின் வாயில் கிளையைக் கொடுத்தால் இரண்டு உருளைகள் கவ்வி இழுக்கும், உள்ளே கத்தி துண்டு துண்டாக்கித் துப்பும். கிளை கொடுப்பது நானும் அஞ்சலையும். சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொள்வோம். அஞ்சலை வீட்டுக்காரர் பெரிய ஆள். அவர் சட்டைக்குள் இன்னொரு அஞ்சலை புகலாம்.

டிரைவர் செல்வம் முதல் நாளே சொல்லிவிட்டான். "அடிக்கட்ட முன்னால போவணும். மிஷினு இழுத்ததும் கைய வுட்டுடணும். கடைசித் துண்ட இன்னொரு கொம்பால தள்ளுங்க. சட்டக் கைய மடிச்சி நூலு போட்டுக் கட்டுங்க."

சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சுழலும் தண்டுக்கு மஞ்சள் மூடி போட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். ஒழுங்கானவன்தான். ஆனால் கிளப்பிவிட்டுத் தூரத்துப் புங்கமரத்தடிக்குப் போய்விடுவான். ஏதாவது ஆனால் அவன் ஓடிவருவதற்குள் என்னவாகும்? அந்தப் பயம் எனக்குச் சோறு இறங்கவிடாது. வண்டியை நிறுத்த சீட்டுக்கு முன்னால் ஒரு குமிழை இழுக்க வேண்டும். அதில் கயிறு கட்டி எங்கள் கைக்கெட்டும்படி விட்டால் என்ன என்று அஞ்சலை காதில் சொன்னேன். அவள் தன் யோசனை போலச் சத்தமாகக் கேட்டாள்.

"இன்னாக்கா, கோயில் மணியா?" என்று செல்வம் சிரித்தான். ஆனாலும் கட்டினான்.

நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். பக்கத்து மரமெல்லாம் அறுத்தாயிற்று. எறும்பு ஏறாமல் கூழ்த் தூக்குவாளியை எங்கே மாட்டுவது? கண்ணெதிரே விறைப்பாகக் கயிறு. மாட்டினோம். வண்டி நின்றது. செல்வம் டீசல் பார்த்தான், பில்டரைக் கழற்றினான், மறுபடி கிளப்பினான். மறுபடி நின்றது. அப்புறம்தான் தூக்கு கண்ணில் பட்டது.

"கூழு மாட்ட நல்ல எடம் பாத்தீங்க!" என்று கயிற்றை அவிழ்த்து வீசிவிட்டான்.

திரும்பக் கட்டச் சொல்ல மூன்று நாள் முயன்றேன். அவன் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நாலாம் நாள் யாரும் வருவதற்கு முன்னாலேயே போய் நானே கட்டிவிட்டேன். அஞ்சலை கட்டினாள் என்று செல்வம் நினைத்திருப்பான். செல்வம் கட்டினான் என்று அஞ்சலை நினைத்தாள்.

அன்றைக்கே மத்தியானம் அஞ்சலை சட்டைக்கை நூல் அறுந்து தொங்கியது. ஒரு கவைக்கிளை அதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. கிளை போக, சட்டை போக, கையும் உருளையை நோக்கிப் போனது. கத்த வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. கயிற்றை இழுத்தேன். வண்டி அடங்கியது. உருளை அவள் விரலுக்கு நாலு விரல்கடை தூரத்தில் நின்றது.

"பக்கத்துல நின்னுகினு ஒரு கூச்சல் போட மாட்டியாடி, ஊமச்சி!" என்று என்னை அடித்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். ஓடிவந்த செல்வத்திடம், "திரும்பக் கட்டி வெச்சியே, நீ நல்லா இருப்பப்பா" என்றாள்.

செல்வம் கயிற்றின் முடிச்சைப் பார்த்தான். அது மாடு கட்டும் முடிச்சு. எங்களில் மாடு வைத்திருந்தது நான் மட்டும்தான். என்னையும் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். "சரிக்கா, வுடு" என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தத் தைலந்தோப்பு இப்போது கல் நட்ட மனை. டிராக்டர் பழைய இரும்புக்குப் போயிற்று. தெருமுனை மிஷினின் வாயிலேயே ஒரு சிவப்புக் கம்பி இருக்கிறது. தட்டினால் நின்றுவிடுமாம், கயிறு தேவையில்லை.

அஞ்சலை போன மாசம் போய்விட்டாள். கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பத்து விரலையும் பார்த்தேன். கயிறு கட்டினது நான்தான்டி என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஒப்பாரிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.