தண்ணீரில் இருந்தவர்

மலாய் நாட்டின் ஜார்ஜ் டவுனில் சில சீனக் கடைகளின் வாசலுக்கு மேலே எண்கோணப் பலகை ஒன்று தொங்கும். அதன் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. வந்த புதிதில் அது முகம் பார்க்க வைத்தது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு உயரத்தில் வைத்தால் யார் பார்ப்பது என்ற குழப்பம் மட்டும் இருந்தது. ஒரு நாள் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தக் கண்ணாடிக்குள் எதிர்வரிசைக் கடைகளும் மின்கம்பிகளும் நானும் சிறுத்துத் தெரிவதைப் படமெடுத்தேன். கடைக்கார அம்மாள் வெளியே வந்து, "நோ, நோ. நாட் ஃபார் யூ" என்றார். படமெடுக்கக் கூடாது என்கிறார் போலும் என்று, "சாரி, டெலீட், டெலீட்" என்றபடி அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டினேன். அவர் அலுப்போடு தலையசைத்தார். படத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. வீட்டுக்குள் வரப் பார்க்கும் கெட்டதைத் திருப்பி அனுப்புகிற கண்ணாடியாம் அது. அதில் முகம் பார்த்தால் எனக்குத்தான் ஆகாது என்பதைப் பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் சொல்லிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டுப் போனார்.

அன்று முதல் கண்ணாடிகள் என் கண்ணில் படத் தொடங்கின. பார்க்க எனக்கு நேரமும் இருந்தது. என் மனைவி மெர்லினுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஆராய்ச்சிப் பணி. கடல்பாசி அவளது பாடம். கெலுகோரில் ஏழாவது மாடியில் எங்கள் வீடு. அவளுடைய விசாவை ஒட்டி எனக்கு ஒரு விசா. அதில் நான் இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. பாளையங்கோட்டையில் காப்பீட்டு நிறுவனமொன்றில் கிளை மேலாளராக இருந்தவன் நான். காலை எட்டு மணிக்கு ஒலிக்கத் தொடங்கும் கைப்பேசி இரவுச் சாப்பாடு வரை ஓயாது. இங்கே அது ஒலிப்பதே இல்லை. மெர்லினுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, துணி காயப்போட்டு, தரை துடைத்து முடித்தால் மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு ஒரு நாள் முழுவதும் மிச்சமிருக்கும். வீட்டுக்குள் உட்கார முடியாது. கால் தானாக நடக்கும். சமையலறைக்கும் பலகணிக்கும் நடுவே எத்தனை அடி என்பதுகூட எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டில் ரெஜினாக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டாலே கதவைத் திறப்பார். முதல் வாரத்தில் ஒரு நாள், "ஜாலான்-ஜாலானா தம்பி?" என்று கேட்டார். ஜாலான் என்றால் சாலை என்று பெயர்ப்பலகைகள் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். எந்தச் சாலைக்குப் போகிறாய் என்று கேட்கிறார் என எண்ணி, "கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அட, அது இல்ல தம்பி. சும்மா சுத்தப் போறதுக்குத்தான் ஜாலான்-ஜாலான்னு சொல்றது. நீங்க ரோட்டுப் பேரச் சொல்றீங்க லா." நானும் சிரித்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்தபின் அந்தச் 'சும்மா' மட்டும் உடன் வந்தது.

படமெடுக்கும் ஆசை பழையதுதான். ஆனால் மனிதர்கள் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டக் கூச்சம். பிரதிபலிப்பில் அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. கடைக் கண்ணாடியைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் போகிறவர்கள் அதில் விழுவார்கள். கோப்பிக் கடையில் பால் விடாத கோப்பியை அசையாமல் வைத்தால், கறுத்த வட்டத்துக்குள் விசிறியும் கூரையும் தெரியும். நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடிக்குள் முழுத் தெருவும் அடங்கும். எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர். இங்கே பிற்பகல் மழை கொட்டிவிட்டு அரைமணி நேரத்தில் வெயில் அடிக்கும். அப்போது கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். லென்ஸ் கீழே வந்து தண்ணீரைத் தொடுகிற மாதிரி நிற்கும். காலடி அளவுக் குட்டைகூட ஏரி மாதிரி ஆகிவிடும். திரையில் தண்ணீரைத் தொடாமல் அதற்குள் தெரியும் உருவத்தைத் தொட்டுத் தெளிவாக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, அலை அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில்தான் என் கால்கள் சும்மா இருந்தன.

அப்பா வாரம் இருமுறை அழைப்பார். "ஆபீஸ்லயால இருக்க?" என்பார். "ஆமாப்பா" என்பேன். முதல் மாதம் ஒரு தடவை சொன்னது, பிறகு மாற்ற வழியில்லாமல் வளர்ந்தது. கப்பல் சரக்குக்குக் காப்பீடு செய்யும் அலுவலகம், கடலைப் பார்த்த மேசை, ஒரு சீன மேலாளர் என்று ஒவ்வொன்றாக நானே சேர்த்தேன். மெர்லினுக்கு இது பிடிக்கவில்லை. "மாமா கோபப்பட மாட்டாங்க. நீங்கதான் வெக்கப்படுறீங்க" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

சென்ற ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு நாள், பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு பின்சந்தில் நல்ல குட்டை ஒன்றைக் கண்டேன். நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடை ஒன்றின் பின்வாசல் அது. தண்ணீருக்குள் பள்ளிவாசல் மினாராவும், கழுவிவிட்ட வானமும் இருந்தன, குத்துக்காலிட்டு ஒரு பெரிய குண்டானைத் தேய்க்கும் ஓர் ஆளும் இருந்தார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் அவரைப் பார்க்கவும் இல்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். அலை அடங்கியது, எடுத்தேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் மினாரா நிமிர்ந்து நின்றது, குனிந்த அந்த முகம் அருகில் நின்று எடுத்ததுபோல் துல்லியமாக இருந்தது. சாலையின் பெயரோடு முகநூலில் போட்டேன். இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஊர்ப்பக்கத்து நண்பர்கள் பகிர்ந்தார்கள், அவர்களிடமிருந்து முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்தார்கள். நான் மணிக்கொரு தரம் திறந்து பார்த்தேன். கைப்பேசி மறுபடி ஓயாமல் ஒலித்தது.

பத்து நாள் கழித்து அதே கடையில் முன்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேசைக்கு எதிரே ஒருவர் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டாத வயது, முழங்கை வரை ஈரம். தன் கைப்பேசியைத் துடைத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் என் படம், மேலே என் சின்ன முகம்.

"அண்ணே, இது நீங்க போட்டதா?"

"ஆமா." வாயில் சோறு இருந்தது. "உங்கள எடுக்கணும்னு எடுக்கலங்க. தண்ணியத்தான் எடுத்தேன்."

"தண்ணிக்குள்ள நான்தானண்ணே இருக்கேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. பெயர் குமரேசன், முதுகுளத்தூர்ப் பக்கம். இந்தக் கடையின் கல்லாவில் உட்காரத்தான் வந்திருக்கிறார். மலாய் வரவில்லை, ஒரே வாரத்தில் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு அதைச் சொல்லவில்லை. மூன்று வருடமாக மனைவி பாண்டியம்மாளிடம் கல்லாவைப் பற்றியே பேசியிருக்கிறார், எந்த வாடிக்கையாளர் என்ன வாங்கினார் என்பது வரைக்கும். அந்த ஊர்ப் பையன் ஒருவன் படத்தைப் பார்த்து அவளிடம் காட்டியிருக்கிறான்.

"தட்டுக் கழுவுறதுக்கு அவ ஒண்ணும் சொல்லலண்ணே. மூணு வருசமாப் பேசுனதெல்லாம் பொய்யான்னு ஒரு வார்த்த கேட்டா. அன்னைக்கு வச்ச போன எடுக்க மாட்டேங்குறா. இன்னைக்கு நாலாவது நாளு."

அங்கேயே பதிவை அழித்தேன். அதனால் என்ன பயன் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. எத்தனை பேரின் கைப்பேசிகளில் அந்தப் படம் இருக்கிறதோ. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்து வைத்திருந்தார். "நீங்க பேசுங்கண்ணே. புது நம்பர்னா எடுப்பா. அன்னைக்குக் கழுவுற ஆளு லீவு, நான் சும்மா கூட நின்னேன்னு சொல்லுங்க. படம் எடுத்த ஆளே சொன்னா நம்புவா." இருவரும் பின்சந்துக்குப் போனோம். குட்டை வற்றி, சிமெண்டில் கறையாக இருந்தது. என் எண்ணிலிருந்து அழைத்தேன், ஒலிபெருக்கியில் போட்டேன். இந்த மாதிரிச் சொல்வது எனக்குக் கடினமில்லை என்பது குமரேசனுக்குத் தெரியாது.

பாண்டியம்மாள் எடுத்தார். நான்தான் படமெடுத்தவன் என்றதும் மறுமுனையில் ஆடு கத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "படத்துல ரொம்ப மெலிவாத் தெரியுறாக. நெசத்துலயும் அப்படித்தான் இருக்காகளா?" என்றார்.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்காரு. அது வந்து, அன்னைக்கு…"

"நீங்க அங்கன என்ன வேலை பாக்குறீக?"

சாதாரணமாக, ஆளை அறிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. கடலைப் பார்த்த மேசை நுனிநாக்கில் இருந்தது. குமரேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைத் தண்ணீரில் அல்லாமல் நேராக, அவ்வளவு அருகில் நான் பார்ப்பது அன்றுதான். கண்ணுக்குக் கீழே சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"எனக்கு வேலை இல்லக்கா" என்றேன். "வீட்டுக்காரிக்குத்தான் வேலை. நான் சோறாக்கி வச்சுட்டு, சும்மா ஊரச் சுத்திப் படமெடுக்குறேன்."

"உங்க வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. பொய் சொல்லி வச்சிருக்கேன்."

அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது, குமரேசனுக்கும் தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் கையை நீட்டினார். "குடுங்கண்ணே." கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கினார். "பாண்டி, நான்தான். கழுவுறேன். வந்த மொத வாரத்துல இருந்து கழுவுறேன்."

இணைப்பு துண்டாகிவிட்டதோ என்று நான் திரையை எட்டிப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"கைக்கு உறை குடுக்குறாகளா?" என்றார் பாண்டியம்மாள்.

குமரேசன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சந்தின் முனைக்குப் போய், வருகிற போகிற வண்டிகளைப் பார்த்து நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. மூன்று வருடத்தையும் முதலில் இருந்து சொல்லச் சொல்கிறாள் என்றார். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாளாம். ஆனால் இரவு கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். பிறகு சட்டையை இழுத்துவிட்டு, "ஒரு படம் எடுங்கண்ணே. அவ கேட்டா. நேரா நின்னு எடுங்க, தண்ணியில எடுக்காதீக" என்றார். அடுக்கிய தட்டுகளுக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தேன். முகத்துக்கு நேராக எடுத்துப் பழக்கமில்லாததால் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. படகுத்துறைக்கு நடந்து, ஒரு காரணமும் இல்லாமல் பெர்ரியில் ஏறி அக்கரைக்குப் போய், இறங்கி, அடுத்த பெர்ரியில் ஏறினேன். பயணிகள் அறையில் அகலமான ஜன்னல் ஓரம் நிற்க இடம் கிடைத்தது. அப்பாவை அழைத்தேன். "என்னல, ஆபீஸ் நேரத்துல?" என்றார். ஆபீஸ் என்று ஒன்று இல்லை என்பதைச் சொன்னேன். சீன மேலாளர் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் இருமினார். யாரோ கேட்டைத் திறக்கும் ஓசை கேட்டது.

"அப்ப மருமகளுக்கு மத்தியானச் சோறு யாரு குடுத்துவிடுதா?"

"நான்தாம்ப்பா."

"என்ன குழம்பு வைக்க?"

"இன்னைக்கு மீன்."

"ம்." பிறகு, "இங்க தெருவுல எல்லார்ட்டயும் கப்பல் ஆபீஸ்னு சொல்லி வச்சிருக்கேன். அத இனி நான் எப்படில மாத்த?" என்றார். கோபமா, வருத்தமா, சிரிப்பா என்று அந்தக் குரலில் பிரிக்கத் தெரியவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பெர்ரி ஜார்ஜ் டவுனை நெருங்கியது. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வெயில் பட்ட வெள்ளைக் கட்டடங்கள் எதிரே வரும்போது அது காணாமல் போயிற்று. கப்பல் திரும்பி, கறுத்த நீர் மட்டும் எதிரே இருக்கும்போது திரும்ப வந்தது. கரை, நான், கரை, நான். படம் எடுக்கத் தோன்றவில்லை. கயிறு கட்டி முடிக்கும்வரை கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.