காயாத கோடு

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். இரும்புலியூரில் எங்கள் தெருவிலேயே முதலில் கடப்பாக்கல் சமையல் மேடை போட்டது எங்கள் வீட்டில்தான். முகம் பார்க்கிற மாதிரி துடைத்து வைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை பூஜைத் தேங்காயை என் வீட்டுக்காரர் அந்த மேடை விளிம்பில்தான் உடைப்பார். "கல்லுக்கு இன்னா ஆயிடும்?" என்பார்.

ஒருநாள் மேடையைத் துடைத்த என் பெரிய மருமகள் சரோஜா என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, மேடை பூரா காஞ்சிடுச்சு. இந்தக் கோடு மட்டும் ஈரமா நிக்குது பாருங்க. விரிசல் விட்டிருக்கு."

"கல்லுக்கும் ஜோசியம் பாக்கிறியாம்மா?" என்று இவர் சிரித்தார்.

அவள் மேடைக்கு அடியில் சொப்பு விளையாடிக்கொண்டிருந்த தன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவரோ வீம்புக்குத் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் மேடைமேல் வைத்தார். அந்தக் கோட்டோடு கல் பிளந்து பாதி கீழே விழுந்தது. சொப்பெல்லாம் தூள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர் சாயங்காலம் வரை இறக்கவில்லை.

என் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டதே! மருமகளை மெச்ச எனக்கென்ன வெட்கம்?

இப்போது புதுக் கல்லுக்கு நடுவில் செங்கல் தாங்கல் கட்டியிருக்கிறோம். தேங்காய் கிணற்றடியில். துடைத்த மேடை முழுக்கக் காய்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அந்தக் குழந்தைதான். கண்ணு, உங்கம்மா பேரை ஒழுங்கா எழுதினியா? முதல்லேருந்து படி, கேக்கிறேன்.