காதர் மைதீனும் மலைக்கு அந்தப் பக்கத்து நண்டுகளும்

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஒருவருடைய பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கும் இன்னொருவருடைய மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவில் அந்தச் செய்தி வந்தது: விலங்கியல் காதர் மைதீன் மறைந்தார். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று எழுதியவர்களில் பாதிப் பேர் அவரை ‘நண்டு வாத்தியார்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் செய்தது அதைவிட மோசம்.

நான் தாவரவியல், அவரைவிடப் பத்து வயது மூத்தவன். சனிக்கிழமைகளில் குற்றாலத்துக்கு மேலே ஓடை ஓடையாக அலைவோம். ஒருநாள் ஒரு தாய் நண்டைப் புரட்டி, வயிற்று மடலை விலக்கிக் காட்டினார். உள்ளே கடுகளவில் குஞ்சுகள் அப்பிக்கிடந்தன. “கடல் நண்டுக் குஞ்சு அலையோட எங்கனயும் போவும் அண்ணாச்சி. இதுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. தாய் வயித்த விட்டு இறங்குனா இந்த ஓடைதான் உலகம்” என்றார். கடலிலிருந்து என்றோ ஏறிவந்த நண்டு, மலை குறுக்கே நின்றதால் ஓடைக்கு ஓர் இனமாகப் பிரிந்துபோனது என்பார். எந்த ஓடையில் எந்த நண்டு என்று தெரிந்தால், பழைய காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லிவிடலாமாம்.

செங்கோட்டை தாண்டி, மேற்கே பாயும் ஓடையிலிருந்து ஒரு பக்கெட் நண்டு பிடித்துவந்து அளவெடுத்தார். வேலை முடிந்ததும் அவருக்குக் காய்ச்சல். “எடுத்த இடத்துலயே விட்டுருங்க அண்ணாச்சி” என்று என்னிடம் கொடுத்தார். நல்ல சாரல். ஈரப் பக்கெட்டைப் பார்த்துக் கண்டக்டர் முகம் சுளித்து, ஏற்ற மறுத்தார். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கச் சோம்பல்பட்டு, வீட்டுக்குத் திரும்பி, ஸ்கூட்டரில் பக்கத்திலிருக்கும் குற்றாலம் போய், கிழக்கே பாயும் இந்தப் பக்கத்து ஓடை ஒன்றில் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சூடாகத் தோசை தின்றேன்.

சில வருடம் கழித்து, முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு ஆசிரியர் அறைக்குள் ஓடிவந்தார். “மேக்க உள்ள நண்டு நம்ம ஓடையில கிடக்கு! இந்த ஓடை ஒரு காலத்துல மேக்க ஓடிருக்கு, அண்ணாச்சி!” பிறகு சட்டென்று நின்று கேட்டார். “அன்னிக்கு நீங்க அங்கனதான விட்டிய?”

“அங்கனதான்” என்றேன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதையே நம்பி ஆராய்ச்சியை எழுதினார். கருத்தரங்கில் பெரிய பேராசிரியர் ஒருவர், “யாரோ கொண்டுவந்து விட்டிருப்பான்யா” என்றார். அரங்கம் சிரித்தது. காதர் என்னைக் கைகாட்டினார். “நண்டைத் திருப்பி விட்டது எங்க அண்ணாச்சி. அவரு சொன்னா சொன்னதுதான்.” எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆய்வேடு தள்ளுபடியானது. அதற்குப் பிறகு அவர் ஓடைப்பக்கம் போகவில்லை. முனைவர் பட்டம் இல்லாமலே ஓய்வுபெற்றார்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளறை வாசலில் நின்று அவர் மனைவி சொன்னார்: “போன மாசங்கூட புள்ளையள்ட்ட சொன்னாவ அண்ணாச்சி. ஊரே சிரிச்சப்போ நீங்க ஒருத்தருதான் அவுகளுக்காக நின்னியளாம்.” தந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

தோழர்களே, காதரின் அறிவில் பிழை இல்லை. எந்த நண்டும் மலை தாண்டவில்லை, எந்த ஓடையும் திசை மாறவில்லை. கொண்டுவந்து விட்டவன் நான்.

காதரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, அவர் மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியம். நான் இதை எழுதும் இந்த நினைவு மலர் அவர் வீட்டுக்கும் போகும். அவர் மனைவி படிப்பார். அதன்பிறகு அதுவும் எனக்கு இல்லை.